ஆறு சனிக்கிழமை, ஆறாயிரம் ரூபா, கொஞ்சம் கிரேக்கத் தெய்வங்கள்

புள்ளியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு மூன்றரை. மூன்றுதான் போட இருந்தேன், கடைசி வகுப்பில் கரண்ட் போனதால் அரைப்புள்ளி கூடியது. ஏனென்று கீழே வரும்.

யாழ் நகருக்குள் ஒரு கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் நடக்கிற தனியார் கல்வி நிலையம் ஒன்றின் ஆறு வார வகுப்பைப் பற்றியது இது. ஆங்கில ரொமான்ரிக் கவிதையில் (வேர்ட்ஸ்வேர்த், கீற்ஸ் போன்ற கவிஞர்களின், பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்துக் கவிதை) வரும் கிரேக்க, ரோமப் பெண் தெய்வங்கள் என்பது தலைப்பு. இடத்தின் பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், ஊரோ சின்னது, நாளைக்கு ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் அவர்களுக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டி வரும்.

நான் போனதே துணைக்கு. அக்காவின் மகள், என் பெறாமகள், உயர்தரத்துக்கு ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். வகுப்பு சனிக்கிழமை பின்னேரம் நாலரை தொடக்கம் ஆறரை வரை, இருட்டுப்பட்ட பிறகு பிள்ளையைத் தனியே சைக்கிளில் வர விட அக்காவுக்கு மனமில்லை, "நீ சும்மாதானே இருக்கிறாய், போய் இரன்" என்று என்னைத் தள்ளிவிட்டா. (சனிக்கிழமை அரை நாள் வேலை செய்துவிட்டு வருகிற ஆளைச் சும்மா இருக்கிறாய் என்கிறது எங்கள் குடும்ப வழக்கம்.) வெளியே வாங்கில் இருந்தால் காசில்லை, உள்ளே இருந்தால் இன்னொரு ஆறாயிரம். வெளியே நுளம்பு. அதனால்தான் உள்ளே போனேன்.

மொத்தம் பதினான்கு பேர். எட்டுப் பேர் உயர்தரப் பிள்ளைகள், மிச்சம் என்னைப் போலத் துணைக்கு வந்ததுகளும், ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவரும், மூன்றாம் வாரத்தோடு காணாமல் போன ஒரு தம்பியும். படிப்பித்த சேருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். நல்ல குரல், நல்ல உச்சரிப்பு, ஆனால் தன் குரலை நம்பாமல் புரொஜெக்டரை நம்புகிற ஆள். இதுதான் வகுப்பின் முழுப் பிரச்சினையும். முதல் நாள் கையில் தந்த போட்டோக்கொப்பி நோட்ஸ் நாற்பது பக்கம், அதில் முதல் பதினொரு பக்கம் வெறும் அட்டவணை: கிரேக்கப் பெயர், ரோமப் பெயர், என்ன பொறுப்பு, எந்த வாகனம், எந்தப் பறவை. அப்ரோடைட் என்றால் வீனஸ், ஆர்ட்டெமிஸ் என்றால் டயானா, அதீனா என்றால் மினர்வா, பெர்செபொனி என்றால் புரொசெர்பினா. அரச பரீட்சைக்குப் பொது அறிவு படிப்பதுபோல் இருந்தது. அட்டவணையில் லாமியாவும் ஒரு தெய்வமாக இருந்தா. லாமியா தெய்வமில்லை, கீற்ஸின் கவிதையில் பெண்ணுருக் கொள்கிற பாம்பு. பெறாமகள் கையை உயர்த்திச் சொன்னாள். சேர் ஒத்துக்கொண்டார், அது நல்ல குணம், ஆனால் ஆறாம் வாரம் வரை அந்தப் பக்கம் திருத்தி வரவில்லை.

முதல் வகுப்பில் உருப்படியாக எடுத்துக்கொண்டு வந்தது ஒரு கதை. கவிஞர் கோல்ரிட்ஜ் லண்டனில் படித்த பள்ளிக்கூடத்தில் போயர் என்றொரு தலைமையாசிரியர். பிள்ளைகள் கட்டுரையில் கலைத்தேவதையே, பியெரியன் ஊற்றே (கவிதை தருகிற ஊற்று என்று கிரேக்கர் சொன்னது) என்று எழுதினால் அவருக்குப் பிடிக்காதாம். "கலைத்தேவதையா? உன்னை வளர்த்த ஆயாவின் மகள் என்று எழுதடா! பியெரியன் ஊற்றோ? ஓம் ஓம், மடத்து முற்றத்துத் தண்ணிப் பம்பைத்தானே சொல்கிறாய்!" கோல்ரிட்ஜ் பெரிய ஆளான பிறகு, 1817 இல் வந்த தன் புத்தகத்தில் இதை நன்றியோடு எழுதியிருக்கிறார். பதினெட்டாம் நூற்றாண்டுக் கவிதையில் சூரியனை ஃபீபஸ் என்பதும் விடியலை அரோரா என்பதும் வெறும் சோடனையாகிப் போய்விட்டது, அந்தச் சலிப்புத்தான் போயர் வாயில் வந்தது. எனக்கு உடனே எங்கள் கவியரங்குகள் ஞாபகம் வந்தன. ஒருவர் ஏறித் தமிழன்னையை வணங்கி, அவையை வணங்கி, தலைவரை வணங்கி முடிக்க மணி அடித்துவிடுமே, அது. போயர் ஒருவர் இங்கும் இருந்திருக்கலாம்.

ஆக, கேள்வி இதுதான்: இப்படிச் செத்துப்போன தெய்வங்கள் அதே தலைமுறையில் எப்படித் திரும்ப உயிர் பெற்றன? இந்தக் கேள்வியைச் சேர் முதல் நாளே பலகையில் எழுதியிருந்தால் நான் நான்கரை போட்டிருப்பேன். அவர் எழுதவில்லை, நாங்களாகத்தான் பொறுக்கி எடுத்துக்கொண்டோம்.

இரண்டாம் வாரம் வேர்ட்ஸ்வேர்த். காசும் வியாபாரமுமாகப் போன உலகத்தைப் பார்த்து வெறுத்து, இதைவிடப் பழைய பொய்த்தெய்வ மதம் ஒன்றில் பிறந்து வளர்ந்திருக்கலாம், கடலுக்குள்ளிருந்து புரோட்டியஸ் எழும்பி வருவதையாவது கண்டிருப்பேன் என்று 1807 இல் அச்சான ஒரு சொனெற்றில், அதாவது பதினான்கு வரிக் கவிதையில், புலம்பிய மனுசன். பத்து வருடம் கழித்து, 1817 கடைசியில், இருபத்திரண்டு வயதுக் கீற்ஸ் அவர் முன்னால் நின்று இடையர்களின் கிரேக்கத் தெய்வமான பான் மேல் தான் எழுதிய துதியைச் சொல்லிக் காட்டுகிறார். கேட்டுவிட்டு வேர்ட்ஸ்வேர்த் சொன்னதாக ஓவியர் ஹெய்டன் எழுதிவைத்தது ஒரேயொரு வரி. அதைச் சேர் தமிழில் சொன்ன விதம் அருமை: "வடிவான அஞ்ஞானம்." எங்களூரில் அந்தச் சொல்லுக்குத் தனிக் காரம் உண்டு. 1816 இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்து பள்ளிக்கூடம் வைத்துத் துண்டுப்பிரசுரம் அடித்த காலம், எங்கள் பாட்டன் பூட்டன் எல்லோரும் அந்தத் தாள்களில் அஞ்ஞானிகள். ஓய்வுபெற்ற ரீச்சர் பெலத்துச் சிரித்தா. பிள்ளைகளுக்கு ஏனென்று விளங்கவில்லை, சேர் விளக்கவுமில்லை, அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்.

கீற்ஸுக்குக் கிரேக்க மொழி தெரியாது. இது எனக்குப் புதுச் செய்தி. பள்ளிக்கூடத்தில் லெம்ப்ரியரின் அகராதியை, 1788 இல் வந்த புராணப் பெயரகராதி, மனப்பாடம் செய்கிற அளவுக்குத் திருப்பித் திருப்பி வாசித்தவராம். மருந்து வேலை படித்து 1816 இல் அனுமதிப் பத்திரம் எடுத்து, பிறகு அதை விட்டுவிட்டு, அகராதியில் கண்ட தெய்வங்களைப் பற்றிக் கவிதை எழுதியவர். ஆக, சேரின் பதினொரு பக்க அட்டவணையை நான் கிண்டல் பண்ணுவதும் முழுக்கச் சரியில்லைதான். அட்டவணையிலிருந்துதான் அவரும் தொடங்கினார்.

மூன்றாம் வாரம் கீற்ஸின் என்டிமியன், 1818. நாலாயிரம் வரி. லட்மொஸ் மலையில் ஆடு மேய்க்கிற ஒருத்தனைச் சந்திரத் தேவதை காதலிக்கிற கதை. அவளுக்கு டயானா, ஃபீபி, சிந்தியா என்று ஏகப்பட்ட பெயர். இந்த நாள் முழுக்க ஐரோப்பிய ஓவியங்களாகப் போட்டார், பாதி ஓவியத்தில் தேவதைமாருக்குச் சேலை துணி ஒன்றும் சரியாக இல்லை, பின் வாங்கில் பெடியன்கள் கொப்பிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருக்க, ஒரு தாய் எழும்பி மின்விசிறியைக் கூட்டுவதுபோல் சுவிட்ச் பக்கம் போய் நின்றுவிட்டா. சரி, அதை விடுவோம்.

நாலாம் பாகத்தில் ஒரு விசயம் இருக்கிறது. தேவதையைத் தேடி அலைந்து களைத்த என்டிமியன் ஒரு இந்தியப் பெண்ணைக் காண்கிறான். மதுத் தெய்வம் பாக்கஸின் ஊர்வலத்தோடு கங்கைக் கரையை விட்டு வந்து, வந்த இடத்தில் தனித்துப்போனவள். கறுத்தக் கூந்தல். துக்கத்தைப் பார்த்துத் துக்கமே என்று விளித்து ஒரு பாட்டுப் பாடுகிறாள், முழுக் கவிதையிலும் அதுதான் எனக்குப் பிடித்தது. அவன் தேவதையை மறந்து இவளில் விழுந்து, குற்ற உணர்ச்சியில் தவித்து, கடைசியில் பார்த்தால் இவள்தான் அவள். சந்திரத் தேவதையே வேசம் போட்டு வந்திருக்கிறாள். அப்போது அவள் மாறுகிறாள்: கறுத்தக் கூந்தல் பொன்னிறமாகி விரிகிறது, கண் நீலமாகிறது.

பெறாமகள் பேனையை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "என்ன சின்னம்மா, ஏன் தலைமயிர் மஞ்சளாகோணும்? கறுப்போட தெய்வமா இருக்கேலாதோ?"

இதைச் சேரிடம் கேள் என்றேன். கேட்டாள். அவர் ஒரு நிமிசம் யோசித்துவிட்டு, அந்தக் காலத்து அழகு பற்றிய எண்ணம் அப்படி, கிரேக்கச் சந்திரன் பொன்னும் வெள்ளியுமாகத்தான் வரவேண்டும் என்று சொன்னார். சரியான பதில், ஆனால் போதாது. கீற்ஸே அந்த இடத்தில் தடுமாறியிருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. துக்கத்தைப் பாடிய கறுத்தப் பெண்ணிடம்தான் உயிர் இருக்கிறது, பொன்முடி வந்தவுடன் அவள் அகராதிக்குள் திரும்பப் போய்விடுகிறாள். என்டிமியனும் அவளும் மறைந்துபோகிறார்கள், கவிதை அவசரமாக முடிகிறது. காளியையும் கருமாரியையும் கும்பிட்டு வளர்ந்த ஆளுக்கு அது ஏமாற்றம்தான். இதைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைத்திருக்கலாம், ஆனால் மிச்ச நேரம் முழுவதும் அந்தக் காலத்துச் சஞ்சிகைகள் கீற்ஸை எப்படிக் கிழித்தன என்பதிலேயே போயிற்று.

நாலாம் வாரம். ஆறாயிரத்தில் நாலாயிரம் இந்த ஒரு வகுப்புக்கே போகட்டும்.

சைக்கி. கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஒரு அரசனுக்கு மூன்று பெண்கள், கடைசிப் பெண் சைக்கியின் வடிவைப் பார்த்துச் சனம் வீனஸ் கோயிலுக்குப் போவதையே விட்டுவிடுகிறது. வீனஸுக்கு எரிச்சல், மகன் கியூபிட்டை ஏவிவிட, அவன் இவளிலேயே மயங்கிப்போகிறான். இருட்டில் மட்டும் வருகிறான், முகத்தைப் பார்க்கக்கூடாது என்று கட்டளை. அவள் ஒருநாள் விளக்கை ஏந்திப் பார்க்க, சொட்டு எண்ணெய் அவன் தோளில் விழுகிறது, அவன் பறந்துவிடுகிறான். பிறகு மாமியார் கொடுமை. குவியலாகக் கலந்து கிடக்கிற தானியத்தை இருட்டுமுன் இனம் பிரி என்பது முதல் வேலை, எறும்புகள் வந்து உதவுகின்றன. பாதாளம் வரை போய்வந்து, கடைசியில் அமுதம் குடித்துத் தெய்வமாகிறாள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அப்புலேயஸ் லத்தீனில் எழுதியது. அந்தப் பெயருக்கு ஆன்மா என்றும் அர்த்தம், வண்ணத்துப்பூச்சி என்றும் அர்த்தம்.

1819 சித்திரையில் கீற்ஸ் அமெரிக்காவில் இருந்த தம்பிக்கும் தம்பி மனைவிக்கும் எழுதிய நீண்ட கடிதத்துக்குள்ளேயே இந்தக் கவிதையை வைத்து அனுப்புகிறார். கூடவே ஒரு விளக்கம். சைக்கி தெய்வமாக வந்து சேர்ந்தது கடைசிக் காலத்தில், அதனால் பழையவர்கள் அவளை உரிய பக்தியோடு கும்பிடவுமில்லை, பலி கொடுக்கவுமில்லை, ஒரு பெண் தெய்வத்தை இப்படிக் கவனிக்காமல் விட என் ஆசாரம் இடம் தராது என்று பாதி பகிடியாக எழுதுகிறார். பிறகு கவிதைக்குள் அவளுக்கு என்னென்ன இல்லை என்று ஒரு பட்டியல். கோயில் இல்லை, பூ நிறைந்த பீடம் இல்லை, பாட்டில்லை, குழலில்லை, தூபமில்லை, குறி சொல்லப் பூசாரி இல்லை. சேர் அதைத் தமிழில், "மேளமில்லை, நாயனமில்லை, சாம்பிராணி இல்லை, ஐயரும் இல்லை" என்றார். அடுத்த அடிகளில் கவிஞன் அத்தனையும் தானே ஆகிறேன் என்கிறான்: உன் பாட்டும் குழலும் தூபமும் நானே, உன் பூசாரியாகி என் மனதில் ஒருவர் காலும் படாத இடத்தில் உனக்குக் கோயில் கட்டுவேன்.

அந்த இடத்தில்தான் ஓய்வுபெற்ற ரீச்சர் கையை உயர்த்தாமலே கதைக்கத் தொடங்கினா. "தம்பி, இது எங்கட கண்ணகியெல்லோ?"

சேர் சிரித்தார், பகிடி என்று நினைத்துக்கொண்டு. பகிடி இல்லை. ரீச்சர் சொன்னதை என் சொல்லில் தருகிறேன். பிறப்பில் தெய்வமில்லாத பெண், வணிகர் வீட்டுப் பிள்ளை, புருசனால் பட்ட பாட்டுக்குப் பிறகு வேங்கை மரத்தடியில் தெய்வமாகிறாள். கடைசியாக வந்து சேர்ந்தவள், ஆகமத்தில் அவளுக்கு இடமில்லை. ஆறுமுக நாவலர், அவர் கீற்ஸ் செத்து அடுத்த வருடம் பிறந்தவர், சைவர்கள் போய்ச் சமணச் செட்டிச்சியைக் கும்பிடுகிறார்களே என்று கண்டித்தார். பிறகு குடாநாட்டில் கண்ணகி கோயில்கள் பல ராஜராஜேஸ்வரி என்றும் புவனேஸ்வரி என்றும் பெயர் மாறின. பெயர் மாறினாலும் கிழவிகள் கண்ணகை அம்மன் என்றுதான் சொன்னார்கள். வன்னியில் வற்றாப்பளைக்கு வைகாசிப் பொங்கலுக்கு இன்றைக்கும் சனம் திரள்கிறது. "கீற்ஸ் மனசுக்குள்ள கட்டினதை எங்கட கிழவியள் வாய்க்குள்ள வைச்சிருந்தவை" என்றா.

பெரிய வித்தியாசமும் உண்டு, பெறாமகள் உடனே பிடித்துக்கொண்டாள்: சைக்கி ஊரை எரிக்கவில்லை. ஆனாலும் அந்த ஒப்பீடு எனக்குள் போய் இறங்கிவிட்டது, அதற்குக் காரணம் கண்ணகி மட்டுமில்லை.

எங்கள் ஊர் வலிகாமம் வடக்கில். 1990 இல் வெளிக்கிட்டோம், எனக்குப் பன்னிரண்டு வயது. ஊரில் ஒரு சின்ன அம்மன் கோயில், கோபுரம்கூட இல்லை, ஓட்டுக் கூரை. உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஒருவரும் விளக்கு வைக்கவில்லை. வாடகை வீடு வாடகை வீடாக மாறி மாறி இருந்தோம், எந்த வீடாக இருந்தாலும் வெள்ளிக்கிழமை பின்னேரம் அம்மா குளித்துவிட்டு வந்து அறை மூலையில் வடக்குப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பா. வாய் மட்டும் அசையும். சின்னப் பிள்ளையாக நான் மந்திரம் என்று நினைத்தேன். ஒருநாள் கிட்டப் போய்க் காதைக் கொடுத்துக் கேட்டேன். "இப்ப கிணத்தடி... இப்ப வைரவற்றை சூலம்... இப்ப மடைப்பள்ளிக் கதவு... இதில குனியோணும், கிளுவங் கொப்பு முட்டும்..." அம்மா கோயிலைச் சுற்றிக் கும்பிட்டுக்கொண்டிருந்தா. மூன்று சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் வரும்போது தலையைக் குனிவா.

ஊர் விடுபட்டுப் போய்ப் பார்த்தபோது அம்மா இல்லை. கிளுவை வேலியும் இல்லை, பற்றையும் ஆலம் விழுதும்தான்.

இதை நான் வகுப்பில் சொல்லவில்லை. சேர் அட்டவணையைப் புரட்டி, சைக்கி, சின்னம் வண்ணத்துப்பூச்சி என்று அடிக்கோடு போடச் சொன்னார். போட்டேன்.

ஐந்தாம் வாரம்தான் எனக்குப் பெரிய கோபம். பைரனும் ஷெல்லியும் ஒரே நாளில். பைரனின் மினர்வாவின் சாபம் நல்ல சூடான சாமான், 1811 இல் ஏதென்ஸில் இருந்துகொண்டு எழுதியது. பார்த்தெனன் கோயில் சிற்பங்களைப் பெயர்த்துக் கப்பலேற்றிய எல்ஜின் பிரபுவுக்குத் தெய்வமே வந்து சாபம் போடுகிறது. வருகிற மினர்வாவின் தலைக்கவசம் நெளிந்து, ஈட்டி முறிந்து, கையிலிருக்கிற ஒலிவ் கொப்பு தொட்டவுடனே வாடிப்போகிறது. கொள்ளை போன கோயிலின் தெய்வம் வேறெப்படி வருவாள். அந்தச் சிற்பங்களை 1816 இல் 35,000 பவுணுக்கு அரசாங்கம் வாங்கிப் பிரிட்டிஷ் மியூசியத்தில் வைக்க, அடுத்த வருடம் அங்கே போய்ப் பார்த்துத்தான் கீற்ஸ் உருகி சொனெற் எழுதினார். ஒருவரின் சாபம் இன்னொருவரின் தரிசனம். ஷெல்லி, கீற்ஸ் செத்த 1821 இலேயே எழுதிய இரங்கற்பாவில், அடொனிஸ் கதையில் காதலியாக வருகிற வீனஸை எடுத்துவிட்டு யுரேனியா என்ற தெய்வத்தைத் தாயாக வைக்கிறார், மகன் சாகும்போது நீ எங்கே போயிருந்தாய் தாயே என்று கேட்கிறார். இதெல்லாம் நன்றாகவே சொன்னார்.

ஆனால் மேரி ஷெல்லிக்குப் பத்து நிமிசம்! ஃபிராங்கன்ஸ்டைன் எழுதிய அதே மேரி, 1820 இல் புரொசெர்பினா கதையை ஒரு சின்ன நாடகமாக எழுதினார், கணவர் அதற்கு இரண்டு பாட்டு எழுதிக்கொடுத்தார். அச்சில் வந்தது 1832 இல்தான், அதுவும் வெட்டிக்குறைத்து. சிசிலியில் என்னா வெளியில் பூப்பறிக்கிற பெண்ணைப் பாதாள அரசன் தூக்கிக்கொண்டு போகிறான், தாய் செரெஸ் மண்ணெல்லாம் தேடி அலைகிறாள், பிள்ளை இல்லையென்றால் விளைச்சலும் இல்லை என்று உலகத்தையே பட்டினி போடுகிறாள். கடைசியில் மகள் கிடைக்கிறாள், ஆனால் கீழே மாதுளை விதை தின்றுவிட்டதால் வருடத்தில் பாதிதான் தாயோடு. மேரியின் நாடகத்தில் தூக்கிக்கொண்டு போவது மேடையில் நடக்காது. மேடையில் இருப்பது தேடுகிற பெண்கள். எழுதும்போது மேரிக்கு இருபத்திரண்டு வயது, 1818 இல் மகள் கிளாராவையும் 1819 இல் மகன் வில்லியமையும் இத்தாலியில் புதைத்துவிட்டு இருக்கிறார்.

காணாமலாக்கப்பட்ட பிள்ளையின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வருடக்கணக்காக றோட்டோரம் கொட்டில் போட்டு இருக்கிற தாய்மாரைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸில் போய் வருகிற ஊரில், இந்தக் கதைக்குப் பத்து நிமிசம் கொடுத்தது சரியா? வகுப்பு முடிந்து கேட்டேன். "நேரம் காணாது அக்கா, மேரியை நாடகம் என்றபடியால் கடைசியில வைச்சனான்" என்றார். கவிதை வகுப்பு என்பதால் நாடகம் ஓரமாகிவிட்டது, சரி. என்றாலும் மூன்றாம் வாரத்து ஓவியங்களில் பத்தைக் குறைத்திருந்தால் நேரம் கண்டிருக்கும்.

ஆறாம் வாரம். ஐந்து மணிக்குக் கரண்ட் போனது, ஜெனரேற்றர் கீழ்க் கடைக்கு மட்டும்தானாம். புரொஜெக்டர் செத்தது, மின்விசிறி நின்றது. யன்னலைத் திறந்துவிட்டு, நோட்ஸும் தெரியாத வெளிச்சத்தில், சேர் நினைவிலிருந்து சொல்லத் தொடங்கினார். இந்த மனுசன் ஐந்து வாரமாக எங்கே இருந்தார் என்று நினைத்தேன்.

முதலில் மொனேற்றா என்ற தெய்வம். கீற்ஸ் 1819 இல் எழுதி முடிக்காமல் விட்ட கவிதை, அவர் செத்து முப்பத்தைந்து வருடம் கழித்துத்தான் அச்சில் வந்தது. பழைய தெய்வங்கள் எல்லாம் விழுந்த பிறகு ஒரு பெரிய கோயிலில் தனியே மிஞ்சியிருக்கிறாள். ரோமில் ஜூனோ மொனேற்றா கோயிலுக்குப் பக்கத்தில்தான் நாணயம் அடித்தார்கள், ஆங்கிலத்தில் காசுக்கு இருக்கிற சொல்லே அந்தப் பெயரிலிருந்து வந்தது. கீற்ஸிடம் அவள் காசுத் தெய்வமில்லை, ஞாபகத்தின் தெய்வம். கவிஞன் அவள் பீடத்துக்குப் படியேற வேண்டும், ஏறாவிட்டால் அந்த இடத்திலேயே சாவு. கல்லிலிருந்து குளிர் காலுக்குள் ஏறி, செத்துப் பிழைத்து முதற்படியில் கால் வைக்கிறான். உலகத்தின் துன்பம் தன் துன்பமாகி நித்திரை கொள்ள முடியாதவன்தான் இங்கே வரலாம் என்கிறாள். பிறகு முகத்திரையை விலக்குகிறாள். அழகி அல்ல. வெளிறிய முகம், சாகடிக்காத ஒரு நோய் அரித்துக்கொண்டே இருக்கிற முகம், சாவை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தும் சாவுக்குப் போய்ச் சேராத முகம். கண்ணில் மட்டும் ஒரு ஒளி, அதுவும் யாரையும் பார்க்கவில்லை, நிலா தன்னை ஆர் பார்க்கிறார்கள் என்று தெரியாமல் ஆறுதல் தருவதுபோல. 1818 மார்கழி முதலாம் திகதி கசநோயில் செத்த தம்பி ரொம்மைப் பக்கத்தில் இருந்து பராமரித்தவர் கீற்ஸ், அந்த முகத்தை எங்கே கண்டிருப்பார் என்று யோசியுங்கள் என்று மட்டும் சேர் சொன்னார். பொன்முடி நீலக்கண் சந்திரத் தேவதையிலிருந்து இந்த முகத்துக்கு இரண்டே வருடம். பெறாமகள் மூன்றாம் வாரம் கேட்ட கேள்விக்குக் கீற்ஸே சொன்ன மறுமொழி இதுதான் போல.

அடுத்தது இலையுதிர்காலத்தையே ஒரு பெண்ணாகப் பார்க்கிற கீற்ஸின் கவிதை. 1819 செப்டெம்பர் 19, வின்செஸ்டரில் நடந்துவிட்டு வந்து எழுதியது. இதில் தெய்வத்துக்குப் பெயரே இல்லை, விளைச்சல் தெய்வம் செரெஸ் என்று ஒரு இடத்திலும் வராது. களஞ்சிய நிலத்தில் கவலையில்லாமல் இருக்கிறாள், தூற்றுகிற காற்றில் தலைமயிர் பறக்கிறது. பாதி அறுத்த வயலில் அரிவாளைப் பக்கத்தில் போட்டுவிட்டு நித்திரையாகிறாள். கதிர் பொறுக்குகிற பெண்போலத் தலைச்சுமையோடு வாய்க்காலைத் தாண்டுகிறாள். பழம் பிழிகிற இயந்திரத்தின் பக்கத்தில் இருந்து கடைசித் துளி வழிவதை மணிக்கணக்காகப் பார்க்கிறாள். சேர் இந்த நாலாவதைச் சொல்லிக்கொண்டிருக்க, "பினாட்டு" என்று ரீச்சர் மெல்லச் சொன்னா. வகுப்பே சிரித்தது, ஆனால் சரிதான். புரட்டாதியில் பனங்காயைச் சுட்டு, தோலுரித்து, களியைப் பிசைந்து பிழிந்து பாயில் ஊற்றிவிட்டு, கையெல்லாம் மஞ்சளாகப் பக்கத்திலேயே குந்தியிருந்து காகம் கலைக்கிற பெண்ணைக் கண்டவர்களுக்கு அந்த அடி விளங்க அகராதி வேண்டியதில்லை. சுளகும் கடகமும் இருந்த வீட்டுப் பிள்ளைகள் இருட்டில் இருந்துகொண்டு அந்தக் கவிதையைக் கேட்டோம். அரைப்புள்ளி இதற்குத்தான்.

இனிச் சில்லறை விசயங்கள். ஐந்தரைக்குப் பிளேன்ரீயும் ஒரு றோல்ஸும் தருகிறார்கள், றோல்ஸ் நல்லது, பிளேன்ரீ சீனித் தண்ணீர். குடிதண்ணீர் கொண்டுபோங்கள். தாமதம் என்றால் பத்து நிமிசம்தான், எங்கள் ஊருக்கு அது நேரத்துக்கு முன். கடைசியில் தந்த சான்றிதழில் என் பெயரில் ஒரு எழுத்துப் பிழை, திருத்தித் தருவதாகச் சொன்னார்கள், இன்னும் வரவில்லை. பரீட்சைக்குக் குறிப்பு மட்டும் தேடுகிற பிள்ளைக்கு இந்த ஆறாயிரம் வேண்டாம், வாசிக்க ஆசையிருக்கிற பிள்ளையென்றால் அனுப்பலாம், துணைக்கு நீங்களும் போங்கள். நோட்ஸைக் கையில் தந்தவுடன் பைக்குள் வைத்துவிடுங்கள்.

அடுத்த தொகுதி தை மாதமாம். இந்த முறை மேரிக்கு முழு வகுப்பு என்று சேர் வாக்குத் தந்திருக்கிறார், பார்ப்போம். முழங்கால் வருத்தம் உள்ளவர்களுக்கு: படி முப்பத்தொன்று, கைபிடி இடப்பக்கம் மட்டும், நடுவில் ஒரு திருப்பத்தில் லைட் இல்லை. ரீச்சர் அந்தத் திருப்பத்தில் ஒவ்வொரு கிழமையும் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் ஏறுவா. கடைசி நாள் இறங்கும்போது அதே இடத்தில் நின்று, "இதில முதற்படிதான் பிள்ளை கஷ்டம்" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டா.